கடைசித் தாள் இல்லாத துப்பறியும் நாவல்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டேன். தலைமறைவாக இருந்தவர்களையும், இல்லையென்று சாதிக்கப்பட்ட கோப்புகளையும், எவருமே கண்டதில்லை என்று கூறப்பட்ட கடிதங்களையும் தேடிப் பிடித்திருக்கிறேன். ஆயினும் ஒரேயொரு புத்தகம் மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எனக்குப் போக்குக் காட்டி வருகிறது. அதன் பெயர் எனக்குத் தெரியாது. எழுதியவர் பெயரும் தெரியாது. நான் கண்டபோதே அதற்கு அட்டை இல்லை. முதல் தாள்கள் இல்லை. கடைசித் தாள்களும் இல்லை. அது ஒரு துப்பறியும் நாவல் என்பது மாத்திரமே உறுதி.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியில் அமைந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் பிள்ளைப்பருவம் கழிந்தது. தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் சிறு உத்தியோகத்தர். எங்கள் வீட்டுக்குக் கீழே பத்துக் காம்பரா லயமொன்று இருந்தது. அதன் கோடிக் காம்பராவில், மகனுடைய குடும்பத்தோடு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் வாழ்ந்து வந்தார். வயது எழுபதை அண்மித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணியளவில் அவர் இஸ்தோப்பில் ஒரு சாக்கை விரித்து அமர்வார். உள்ளேயிருந்து றங்குப் பெட்டி வரும். பெட்டி திறக்கப்படும் ஓசை கேட்டால் லயத்துப் பிள்ளைகள் யாவரும் கூடிவிடுவோம். அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் சுளகோடு வந்து ஓரமாக அமர்வார்கள்.

பெட்டிக்குள் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை இருந்தது. அல்லி அரசாணி மாலை இருந்தது. மதுரைவீரன் கதை இருந்தது. இவற்றோடு அட்டை இழந்த அந்தப் புத்தகமும் இருந்தது. முன்னைய மூன்றையும் அவர் இராகத்தோடு பாடுவார். அட்டையில்லாப் புத்தகத்தை மட்டும் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் எவரோ ஒட்டுக்கேட்பதுபோல வாசிப்பார். எங்களுக்கு அதுதான் பிடிக்கும்.

நான்கு தடயங்கள் என் நினைவில் எஞ்சியிருக்கின்றன. முதலாவது: ஒரு தேநீர்க் கடையின் மூலையில் அமர்ந்திருக்கும் முதியவர். இரண்டாவது: அவர் பேசும்போதெல்லாம் ஒரு கயிற்றுத் துண்டில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பார். மூன்றாவது: அவர் எதிரே அமர்ந்து கதை கேட்பவள் பத்திரிகையில் எழுதும் ஓர் இளம்பெண். நான்காவது: அவர் கொலை நடந்த இடத்துக்குப் போகமாட்டார், எவரையும் விசாரிக்கமாட்டார், பொலிஸாருக்கு உதவவும் மாட்டார். இருந்த இடத்தில் இருந்தபடியே, பொலிஸார் கோட்டைவிட்ட குற்றங்களை அவிழ்த்துக் காட்டிவிட்டுச் சிரிப்பார்.

கணக்கப்பிள்ளைத் தாத்தாவும் வாசிக்கும்போது கொழுந்துச் சாக்கிலிருந்து உருவிய சணல் நூலொன்றை விரல்களில் வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுவார். ஆகவே அவருக்கு 'முடிச்சுத் தாத்தா' என்று நாங்கள் பெயர் வைத்தோம். இந்தப் பட்டப்பெயரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது சாட்சிக்கு வரும்.

ஒவ்வொரு முறையும் புத்தகம் ஒரே இடத்தில் அறுந்து நின்றுவிடும். "தாத்தா, கொலகாரன் யாரு?" என்று நாங்கள் துளைப்போம்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா ராசா? கடைசித் தாளு இல்லியே. நானும் அம்பது வருசமா அதத்தான் தேடுறேன்."

1981ஆம் ஆண்டு அவர்களுடைய முறை வந்தது. 'முறை' என்றால் என்னவென்று பிற நாட்டுத் தமிழ் வாசகர்களுக்குக் கூற வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிற்பாடு தீர்மானிக்கப்படுவர். 1974இல் அந்த மீதியும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்ற குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னாருக்குச் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போய்ச் சேர்ந்தன. அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை எங்கள் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர். வழியனுப்ப வந்தவர்களும் வண்டியில் இருந்தவர்களும் வைத்த ஒப்பாரியே அப்பெயரைத் தந்தது.

பதுளை ரயில் நிலையத்தில் முடிச்சுத் தாத்தாவை நானும் வழியனுப்பினேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. றங்குப் பெட்டியைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். அழுகைக்கு நடுவில் நான் கேட்டது ஒரே கேள்வி: புத்தகம் உள்ளே இருக்கிறதா? "இருக்கு. அந்தப் பக்கம் போய்க் கடைசித் தாளத் தேடிப் பார்க்கிறேன்" என்றார். வண்டி புறப்பட்டது.

நான் சற்று வளர்ந்து அப்புத்தகத்தைத் தேடத் தலைப்பட்ட காலம் பொல்லாத காலம். 1981 ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகம் சாம்பலாகிக் கிடந்தது. 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரமே எரிந்தது. தமிழரின் கடைகளும் வீடுகளும் பட்டப்பகலில் தீக்கிரையாயின. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நின்று, காசு கொடுக்காமலே சங்கர்லால் கதைகளைப் படித்து முடித்த சிறு புத்தகக் கடையொன்றும் அவற்றில் அடக்கம். பழைய புத்தகம் என்று எவரிடமாவது கேட்பதே நகைப்புக்கிடமான நாட்கள் அவை. உயிரையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் துப்பறியும் நாவலையா காவிச் சென்றிருப்பார்கள்?

எனினும் தேடுதல் மனத்துக்குள் நடந்துகொண்டுதான் இருந்தது. துப்பறிவோர் முதலில் செய்வது சந்தேக நபர்களின் பட்டியலைத் தயாரிப்பது. நானும் ஒன்று தயாரித்தேன்.

முதற் சந்தேகம் தமிழ்வாணன் மீது. எங்கள் காலத்தில் துப்பறியும் கதை என்றாலே சங்கர்லால்தான். தேநீர் இல்லாமல் அவருக்குச் சிந்தனை ஓடாது. நாங்கள் பறித்து அரைத்து அனுப்பும் தூளைத்தான் சங்கர்லால் குடிக்கிறார் என்று எங்கள் தோட்டத்துப் பையன்கள் பெருமை பேசியதுண்டு. ஆனால் சங்கர்லால் விமானத்தில் பறப்பவர், மூலையில் குந்துபவரல்லர். அன்றியும் தாத்தா வைத்திருந்த புத்தகத்தின் தாள்கள் தமிழ்வாணன் காலத்துக்கு மிக முந்தியவை. தொட்டால் ஓரம் உதிரும்.

ஆகவே இன்னும் பின்னோக்கிச் சென்றேன். தமிழில் துப்பறியும் கதையின் தொடக்கம் பண்டித எஸ்.எம். நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட 'தானவன்' என்பர். அதற்குப் பின்னர் வந்தவர்கள் அலையலையாக எழுதிக் குவித்தனர். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தமிழ் மண்ணுக்கு மாற்றினார். அவர் கையில் ஷெர்லக் ஹோம்ஸ் 'ஆனந்தசிங்' ஆனார். ஜே.ஆர். ரங்கராஜு 1908இல் 'இராஜாம்பாள்' எழுதித் துப்பறியும் கோவிந்தனை உலவவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் பின்னர் வெள்ளித்திரைக்கும் வந்தார். தமிழ்நாட்டில் இவற்றை வாசித்த அதே தலைமுறையின் உறவினர்கள்தாம் கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்க வந்தவர்கள். கதைகளும் அவர்களோடு கப்பலேறி வந்தன. ஆனால் இவர்களில் எவருடைய துப்பறிவோரும் முடிச்சுப் போடவில்லை.

அடுத்து இலங்கைப் பட்டியல். 'வீரகேசரி' 1930இல் தொடங்கியது. அதன் ஆசிரியராக இருந்த எச். நெல்லையா தொடர்கதைகள் எழுதினார். பின்னர் ஆசிரியரான கே.வி.எஸ். வாஸ், 'ரஜனி' என்ற புனைபெயரில் 'குந்தளப் பிரேமா' முதலான மர்மக் கதைகளை எழுதினார். பத்திரிகை ஆசிரியர்களே மர்மக் கதைகளும் எழுதிய காலம் அது. 1970களின் முற்பகுதியில் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரிப் பிரசுரங்கள் மாதந்தோறும் என்னும்படியாக நாவல்களை வெளியிட்டன. பதுளை மண்ணின் மைந்தரான தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் அவ்வரிசையில்தான் வந்தது. ஜனமித்திரன் வெளியீடுகளில் மர்மமும் திகிலும் தாராளமாக இருந்தன. கைக்கு எட்டியவற்றையெல்லாம் படித்தேன். முதியவரும் இல்லை, கயிறும் இல்லை.

துப்பு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. நாட்டின் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்து 1990இல் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது நான் பேராதனையில் கலைப்பீட மாணவனானேன். ஒரு மழைநாளில், பரீட்சைக்குப் படிக்க வேண்டியதைப் படிக்காமல், ஆங்கிலத் துப்பறியும் கதைகளின் தொகுப்பொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கதை. லண்டனில் ஒரு தேநீர்ச்சாலை. மூலையில் ஒரு முதியவர். கையில் கயிறு. எதிரே ஒரு பெண் பத்திரிகையாளர். படித்த மாத்திரத்தில் என் காதில் விழுந்தது றங்குப் பெட்டி திறக்கும் ஓசை.

அக்கதைகளை எழுதியவர் பரோனஸ் ஓர்சி. ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். 'ஸ்கார்லெட் பிம்பர்னெல்' என்ற புகழ்பெற்ற படைப்பும் அவருடையதே. மூலையில் அமர்ந்திருக்கும் முதியவரின் கதைகளை 1901இல் லண்டன் சஞ்சிகையொன்றில் எழுதத் தொடங்கினார். சில ஆண்டுகளின் பின் அவை நூலுருப் பெற்றன. இருந்த இடத்திலிருந்தே, பத்திரிகைச் செய்தியையும் மரண விசாரணைச் சாட்சியத்தையும் கொண்டு குற்றத்தை அவிழ்க்கும் துப்பறிவோரின் வரிசையில் அம்முதியவர் முன்னோடி. நூலின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொல்வதானால் 'மூலையில் இருக்கும் கிழவன்' எனலாம்.

மூலம் கிடைத்துவிட்டது. ஆனால் முடிச்சுத் தாத்தாவுக்கு ஆங்கிலம் ஓரெழுத்தும் தெரியாது. அவர் வாசித்தது தமிழ். அப்படியானால் அதைத் தமிழாக்கியவர் யார்?

விடை, அல்லது விடைபோலத் தோன்றுவது, சில ஆண்டுகள் கழித்து நான் பத்திரிகையில் சேர்ந்த பின்னர் மலையக இலக்கிய முன்னோடிகளைப் பற்றிய கட்டுரையொன்றில் கண்ணில் பட்டது. 1924ஆம் ஆண்டு. நூலின் பெயர் 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்'. ஆசிரியர் கோ. நடேசய்யர்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மலையகத்தார் எவருக்கும் நடேசய்யர் யாரென்று கூற வேண்டியதில்லை. ஏனையோருக்காகக் கூறுகிறேன். 1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்த அவர், 1915இல் முதன்முறையாக இலங்கைக்கு வந்தார். அக்காலத்தில் வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் காலடி வைக்க இயலாது. அவரோ புடவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் புகுந்து, லயங்களில் மக்கள் பட்ட பாட்டை நேரிற் கண்டு எழுதினார். 1920இல் இங்கேயே தங்கிவிட்டார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். சட்டநிரூபண சபையில் இந்தியரின் பிரதிநிதியாக அமர்ந்தார். ஏ.ஈ. குணசிங்கவுடன் தொழிற்சங்கத்தில் இணைந்தும் பின்னர் முரண்பட்டும் நின்று, 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947இல் மறைந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரின் துயரைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் பாடி, துண்டுப் பிரசுரங்களாகவும் அச்சிட்டு வழங்கியவர்.

இத்தகைய மனிதர் ஏன் ஒரு துப்பறியும் நூலை வெளியிட வேண்டும்? இக்கேள்வி என்னைப் பல இரவுகள் வருத்தியது. அவர் எழுதியவற்றின் வரிசையைக் கவனித்தபோது ஓரளவு தெளிவு பிறந்தது. கணக்குப் பதிவியல் பற்றி எழுதினார். காப்புறுதி பற்றி எழுதினார். தொழிலாளர் சட்டத்தைத் தமிழில் விளக்கினார். 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்ற நாடகத்தை எழுதினார். இவையனைத்தும் ஒரே வாசகனை நோக்கியவை: எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த, ஆனால் தன் பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, தன் கடன் எவ்வாறு பெருகியது என்று அறியாத மனிதன். 1921 வரை நடைமுறையிலிருந்த 'துண்டு' முறையின்கீழ், கடனைத் தீர்த்தாலொழிய தொழிலாளி அடுத்த தோட்டத்துக்கு நகர முடியாது. கடன் எவ்வளவு என்பதைக் கணக்கு எழுதுபவனே அறிவான். அப்படிப்பட்ட உலகில், எழுதப்பட்டதை அப்படியே நம்பாதே, சாட்சியத்தை நீயே எடைபோடு என்று கற்பிக்கும் கதை வெறும் பொழுதுபோக்கு அன்று. நடேசய்யர் இதை எண்ணித்தான் வெளியிட்டார் என்று நான் சாதிக்கவில்லை. அச்சகத்துக்கு வருமானம் தேவைப்பட்டிருக்கலாம்; துப்பறியும் கதை விலைபோகும் சரக்கு என்பது பத்திரிகைக்காரர் எவருக்கும் தெரியும். ஆனால் கதையைக் கேட்ட மக்கள் எதனைப் பெற்றுக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த இஸ்தோப்பில் நானும் அமர்ந்திருந்தேன் அல்லவா?

பொலிஸார் ஏமாறும் இடங்களில்தான் பெண்கள் சுளகை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். தோட்டத்துக்குப் பொலிஸ் வருவதென்றால் துரையின் அழைப்பில் வருவது என்பதே அவர்கள் அனுபவம். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் மாண்டார். அதே ஆண்டு பதுளைக்கு அருகிலுள்ள வெவஸ்ஸ தோட்டத்தில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. தாத்தா அப்போது முப்பது வயதுக்காரர். வாசிப்புக்கு நடுவே புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு வெவஸ்ஸக் கதையைச் சொல்வார். எங்கே நாவல் முடிந்தது, எங்கே வேலைநிறுத்தம் தொடங்கியது என்று பிள்ளைகளாகிய எங்களுக்குப் பிரித்தறிய முடிந்ததில்லை.

இன்னொரு பொருத்தத்தையும் குறிப்பிட வேண்டும். கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டு ரயில் பாதை பதுளை வரை நீண்டு நிறைவுற்றதும் 1924ஆம் ஆண்டே. நூல் வெளிவந்த ஆண்டில்தான் கொழும்புப் பத்திரிகையும் புத்தகமும் நேரே பதுளைக்கு ரயிலில் வந்து இறங்கத் தொடங்கின. அவ்வண்டியில் வந்த ஒரு பிரதி அறுபதாண்டுகள் கைமாறிக் கைமாறி, தாள்களை உதிர்த்துக்கொண்டே, எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்திருக்குமோ என்று எண்ணும்போது மயிர்க்கூச்செறிகிறது.

இங்கே ஒரு பத்திரிகையாளனுக்குரிய ஐயம் குறுக்கிட்டது. நினைவு பொல்லாத சாட்சி. பேராதனையில் ஓர்சியைப் படித்த பின்னர், அந்த ஆங்கில முதியவரின் கயிற்றை நானே எடுத்து என் தாத்தாவின் கையில் கொடுத்துவிட்டேனா? பிந்திப் படித்தது முந்திய ஞாபகத்தில் கசிந்துவிட்டதா? ஒரு செய்தியை ஒருவர் சொன்னால் போதாது; அவரோடு தொடர்பற்ற இன்னொருவரும் சொல்ல வேண்டும் என்பது நான் தொழில் கற்ற ஆசிரியபீடத்தின் சட்டம். இரண்டாவது சாட்சியைத் தேடினேன்.

இதற்கிடையில் நூலைத் தேடும் வேலையும் நடந்தது. ஏறி இறங்கிய நூலகங்கள் பல. லண்டனில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜா 2002இல் தொடங்கிய 'நூல்தேட்டம்' தொகுதிகள் ஆயிரம் ஆயிரமாக ஈழத்துத் தமிழ் நூல்களைப் பதிவுசெய்து, என்போன்றோரின் வேலையைப் பாதியாகக் குறைத்தன. 2005இல் உருவான நூலகம் என்ற மின்னூலகம், எரிந்தும் கரையான் அரித்தும் எஞ்சியவற்றை உலகெங்குமுள்ள தமிழர் வீட்டிலிருந்தே படிக்கச் செய்தது. இவர்களுக்கு நம் சமூகம் பட்ட கடன் பெரிது. ஆயினும் அச்சில் முடிச்சுத் தாத்தாவின் புத்தகத்தை நான் இன்றுவரை கையில் ஏந்தவில்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் புலப்படும். புத்தகத்தைப் பாதுகாப்பவர்கள் பெருமைக்குரிய புத்தகத்தைப் பாதுகாக்கிறார்கள். புராணம் பாதுகாக்கப்படும். இலக்கணம் பாதுகாக்கப்படும். சீர்திருத்த நாவல்கூட ஒருவாறு பிழைத்துவிடும். துப்பறியும் நாவலோ படிக்கப்பட்டே அழிவது. பத்துப் பேர் படித்தால் அட்டை போகும். ஐம்பது பேர் படித்தால் தாள் போகும். ஆகவே ஒரு மர்ம நாவலின் பிரதி அகப்படவில்லை என்றால், அதை எவரும் விரும்பவில்லை என்பது பொருளன்று. எல்லோரும் விரும்பினார்கள் என்பதே பொருள். அத்துடன், அந்த வாசகர்களுக்கு நிரந்தர வீடே இல்லை. நாடே இல்லாதவர்களின் அலுமாரியில் புத்தகம் எவ்வாறு நிலைக்கும்?

2008ஆம் ஆண்டு வேறொரு பணி நிமித்தம் தமிழ்நாட்டுக்குச் சென்றபோது நீலகிரிக்குப் போனேன். இலங்கையிலிருந்து திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் அங்கேதான் பரந்திருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் தோட்டத்தார் சிலர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்துச் சென்றால், அதே வரிசை வீடுகள், அதே பனிமூட்டம், அதே கொழுந்துக் கூடை. இங்கே 'இந்தியாக்காரர்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆகியிருந்தார்கள்.

தாத்தாவின் மகனைக் கண்டேன். அவரே இப்போது தாத்தா. என் தந்தையாரின் பெயரைச் சொன்னதும் கையைப் பற்றிக்கொண்டார். பெரியவர் 1988இல் காலமாகிவிட்டதாகச் சொன்னார். நான் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சாட்சிக்கு நாமே வார்த்தை எடுத்துக் கொடுக்கக்கூடாது என்பது பழைய பாடம். அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மாத்திரம் கேட்டேன்.

"அவரு இங்கயும் ஞாயித்துக்கெழமையானா கதை படிப்பாருங்க. இங்க உள்ள புள்ளைங்களும் முடிச்சுத் தாத்தான்னுதான் கூப்புடும். அந்தக் கதையில ஒரு கெழவன் வருவான்ல, கயித்துல முடிச்சுப் போட்டுக்கிட்டு? அதே மாதிரி இவரும் போடுவாரு."

இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது. முடிச்சு என் கற்பனையன்று.

றங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. திறந்து காட்டினார். காலாவதியான கடவுச்சீட்டுகள், சிலோன் முத்திரை குத்திய பிறப்புச் சான்றிதழ்கள், தோட்டத்து ஒப்பந்தக் காகிதங்கள். புத்தகம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, தாள்கள் களியாகிப்போனதாம். "காகிதமெல்லாம் முக்கியமுன்னு மேல வச்சோம். கதைப் புத்தகந்தானேன்னு அடியில வச்சிட்டோம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கொண்டு சென்றது கடைசித் தாள். அச்சிட்ட தாளன்று, ஓர்சியின் தொகுதியைப் பின்னர் முழுவதுமாகப் படித்து நான் அறிந்துகொண்ட முடிவு. நூறாண்டு கடந்த நூல் என்பதால் அதை இங்கு வெளியிடுவது குற்றமாகாது. அத்தொகுதியின் இறுதிக் கதையில், கொலை வழக்கொன்றில் தடயமாகக் கிடந்த கயிற்றின் முடிச்சுகளையும் முதியவரின் விரல்கள் ஓயாமல் போடும் முடிச்சுகளையும் அந்தப் பெண் பத்திரிகையாளர் தம் மனத்தில் இணைத்துப் பார்க்கிறார். கதை சொல்லிக்கொண்டிருந்தவனே கொலைகாரனாக இருக்க வேண்டும் என்பது அவருக்குப் புலப்படுகிறது. முதியவர் மூலையை விட்டு மறைந்துவிடுகிறார்.

இதை நான் சொல்லி முடித்ததும் மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார்.

"அப்புடியா? எங்கப்பா அப்புடி முடிக்கலீங்களே. கடைசித் தாளு இல்லைல்ல, இங்க வந்தப்பறம் அவரே ஒரு முடிவு கட்டிட்டாரு. அவரு கதையில கடைசியில தோட்டத்துத் தொரதான் கொலகாரன். கெழவன் பொலிஸக் கூட்டியாந்து புடிச்சுக் குடுப்பான். புள்ளைங்க கைதட்டும்."

அன்றிரவு குன்னூர் செல்லும் பேருந்தில் அமர்ந்து நெடுநேரம் யோசித்தேன். எந்த முடிவு சரி? லண்டனில் அச்சான முடிவு ஓர்சிக்குரியது. கோத்தகிரியில் கைதட்டு வாங்கிய முடிவு, ஐம்பது ஆண்டுகள் ஒரு கேள்வியைச் சுமந்து, கடல் கடந்து, காத்திருந்து அலுத்துப்போன ஒரு கணக்கப்பிள்ளைக்குரியது. வரலாற்றாசிரியர்கள் முதலாவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டாவதைப் பதிவு செய்ய எவரும் இல்லை என்பதாலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தாத்தா வாசித்தது நடேசய்யரின் நூலேதான் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க என்னால் ஆகாது. அட்டையில்லாத புத்தகத்துக்குக் கைரேகை இல்லை. சான்றுகள் அத்திசையைக் காட்டுகின்றன, அவ்வளவே. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். மலையக இலக்கியத்தைப் பற்றி எழுதும்போது நாம் துயரப் பாடல்களிலிருந்தும் போராட்ட நாவல்களிலிருந்தும் தொடங்குகிறோம். மலையக உரைநடையின் முதற் படிகளில் ஒரு துப்பறியும் கதையும் இருக்கிறது. அதை வெளியிட்டவர் அம்மக்களின் முதற் பெருந் தொழிற்சங்கவாதி. எங்கள் முன்னோர் கண்ணீரை மட்டும் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், உலகம் முழுவதும் மக்கள் கேட்ட அதே கேள்வியை, கொலைகாரன் யார் என்ற கேள்வியை, அவர்களும் ஆவலோடு கேட்டார்கள். ஒரு சமூகம் எதனால் அழுதது என்பது வரலாறு. எதை விரும்பிப் படித்தது என்பதும் வரலாறே.

உங்கள் வீட்டுப் பரணில், திருச்சியிலோ கூடலூரிலோ டொரொண்டோவிலோ, தாத்தா கொண்டுவந்த றங்குப் பெட்டியொன்று இருக்கக்கூடும். அடுத்த மழைக்கு முன்னர் அதைத் திறந்து பாருங்கள். கடவுச்சீட்டை மேலே வைத்தது சரிதான். அடியில் அட்டையில்லாமல் ஏதாவது கிடந்தால், கதைப் புத்தகந்தானே என்று விட்டுவிடாதீர்கள்.